பெயர்த்தூள்

போர்டில் வந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் முதல் கல் பறந்துவிட்டது.

அன்னை நகர் முக்கில், ரேஷன் கடைக்கு எதிரே நின்றது அந்தப் போர்டு. சிவப்பு எழுத்துகள் வரிசையாக ஓடின: ‘ஆறாம் எண் கிணறு. நிக்கல், குரோமியம் அளவுக்கு மேல். கன்னியப்பன் முலாம் பட்டறை.’ அவ்வளவுதான். பட்டறையோ அங்கிருந்து கூப்பிடு தூரம். தகர ஷட்டரில் கல் மோதும் சத்தம் கேட்டபோது திலகவதி குப்பைமேட்டின் அடியில், அதே ஆறாம் எண் கிணற்றருகே குந்தி உட்கார்ந்து, குழாய் மூடியின் போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தாள். குப்பை லாரிக்காரர்களுக்குள் வழக்கமான தகராறு என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் செல்போனைப் பார்த்தாள். போர்டில் ஓடுவது அதிலும் வரும்.

கன்னியப்பனா? அந்த மனிதரின் கழிவு டேங்கரில் ஏறிச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதை அவளே நேரில் நின்று பார்த்திருக்கிறாள். அதில் ஒரு சொட்டுகூடக் குப்பைமேட்டுக்கு வர வழியில்லை. ஸ்பேனரை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

நெடும்பாக்கம் குப்பைமேடு இன்று நேற்று முளைத்ததில்லை. நகரம் தின்று துப்பியதையெல்லாம் இரண்டு தலைமுறையாகக் கொட்டி வளர்த்த மலை. மழை பெய்தால் உள்ளிருந்து கறுப்பாக ஒரு சாறு கசிந்து மண்ணுக்குள் இறங்கும். அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க மேட்டைச் சுற்றி எட்டுக் கண்காணிப்புக் கிணறுகள் போட்டிருந்தார்கள். கிணறு என்றால் எட்டிப் பார்க்கிற கிணறு இல்லை, பூமிக்குள் இறக்கிய குழாய். முன்பெல்லாம் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார்கள். முடிவு ஆபீசுக்கு வந்து சேரும், வந்த இடத்திலேயே தூங்கும். யார் கொட்டியது என்று கேட்டால் ஊரே கொட்டியது என்பார்கள். ஊரைப் பிடித்து ஜெயிலில் போட முடியுமா?

பெயர்த்தூள் வந்த பிறகுதான் அந்தச் சாக்கு செல்லாமல் போயிற்று. ரசாயனம் வாங்கும் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் தனித்தனியாக ஒரு தூள். கண்ணுக்குத் தெரியாத பொடி அது. சரக்கு டிரம்மில் வந்து இறங்கும்போதே உள்ளே கலந்திருக்கும். எரித்தாலும் போகாது, கழுவினாலும் போகாது, விஷம் போகிற இடமெல்லாம் கூடவே போகும். கிணற்றுக் குழாயில் பொருத்திய கருவி தண்ணீரை முகர்ந்து பார்த்து, விஷம் எவ்வளவு, யாருடையது என்று இரண்டையும் சொல்லிவிடும். ஜனங்கள் அந்தக் கருவிக்கு மூக்கு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

மூக்கு சொல்வதை அதிகாரிகள் அமுக்கிவிட்டால் என்ன செய்வது? கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஆளாளுக்குக் கத்திய கேள்வி அதுதான். நிலத்தடி நீர்ப் பொறியாளராக அப்போதுதான் அங்கே வந்திருந்த திலகவதி எழுந்து நின்றாள்.

“கிணத்துக்கும் போர்டுக்கும் நடுவுல ஒரு கைகூட இருக்கக் கூடாது. என் கை உட்பட.”

பந்தல் அதிரக் கை தட்டினார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டும் முனிரத்தினம் ஓடிப்போய் மாலை வாங்கிவந்து அவள் கழுத்தில் போட்டான். மேலதிகாரிகளோடு ஒற்றைக்கு ஒற்றை நின்று சண்டை போட்டு, போர்டை நிறுத்தவோ திருத்தவோ ஒரு பொத்தான்கூட வைக்கவிடாமல் செய்தாள் திலகவதி. மூக்கு தண்ணீரைத் தொட்டால் போர்டில் எழுத்து ஓடும். முதல் வருடமே ஒரு சாயப்பட்டறை மாட்டியது. சீல் வைத்த அன்று அன்னை நகரில் தீபாவளி போல வெடித்தார்கள். அதற்கப்புறம் அந்த ஜனங்கள் போர்டை நம்பியதுபோல வேறு எதையும் நம்பியதில்லை. அவளுக்கும் அதில் ஒரு கர்வம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

ஆனால் போன கோடைக்கு அப்புறம் அன்னை நகரில் பிள்ளைகள் வரிசையாகப் படுக்க ஆரம்பித்தார்கள். முனிரத்தினத்தின் மகள் நிவேதாவுக்கு எட்டு வயது, இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்துக்கு இரண்டு தடவை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவான். நிலத்தடி நீரை வாயில் வைக்காதீர்கள், லாரித் தண்ணீரைப் பிடித்து வைத்துக் குடியுங்கள் என்று திலகவதி வீடு வீடாகச் சொல்லியிருந்தாள். எல்லோரும் அப்படியே செய்தார்கள். பிள்ளைகள் மட்டும் தேறவில்லை. யாராவது ஒருவன் பெயர் போர்டில் வரட்டும் என்று ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது.

இன்று வந்துவிட்டது.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஷட்டர் பாதி பிய்ந்து தொங்கியது. உள்ளே முலாம் போட வைத்திருந்த சைக்கிள் ஹேண்டில்பார்களை எடுத்து அவற்றாலேயே தொட்டிகளையும் கண்ணாடிகளையும் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். தரையெல்லாம் பச்சையும் மஞ்சளுமாக ரசாயனம். அதன் நடுவில் கன்னியப்பன் குப்புறக் கிடந்தார். அறுபது தாண்டிய ஒல்லி உடம்பு. சட்டை கிழிந்து, ஒரு காது அறுந்து தொங்கியது. அவருடைய இடது கை விரல்களின் மேல் ஒருவன் செருப்புக் காலோடு ஏறி நின்றுகொண்டு, இன்னும் எத்தனை பிள்ளைகளைக் கொல்லப்போகிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தான். முனிரத்தினத்தின் கையில் இரும்புக் கம்பி இருந்தது. அவன் கத்தவில்லை. அடுத்த அடி எங்கே போடலாம் என்று பார்ப்பவனாக நின்றான்.

திலகவதி குனிந்து புகுந்தாள். எவனோ சுழற்றிய சைக்கிள் செயின் அவள் தோளில் விழுந்து ரவிக்கையைக் கிழித்தது. கண் இருட்டியது. “மேடம்டா, மேடம்டா” என்று ஒருவன் அலறினான். அந்தச் சின்ன இடைவெளியில் கன்னியப்பனின் அக்குளுக்குள் கையைக் கொடுத்து இழுத்து, பின்னால் இருந்த சரக்கு அறைக்குள் தள்ளி, இரும்புக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். உடனே கதவில் கம்பி இடிக்கத் தொடங்கியது.

காவல் நிலையத்துக்குப் போன் போட்டாள். வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். கிளம்பித்தான் இருக்கும். ஆனால் குப்பை லாரிகளைக் குறுக்கே நிறுத்தி ரோட்டை அடைத்துவிட்டிருந்தார்கள்.

கன்னியப்பன் நசுங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார்.

“என் தூளு எப்பிடி மேடம் அங்க போவும்? நாலு வருஷமா ஒரு சொட்டு வெளிய வுட்டதில்ல. உங்களுக்கே தெரியும்.”

“மூக்கு பொய் சொல்லாதுங்க.”

“நானும் பொய் சொல்லலியே.” வலியில் மூச்சு வாங்கினார். “காலைல கிணத்துல இன்னா பண்ணீங்க, அதச் சொல்லுங்க.”

கதவு அதிர அதிரச் சொன்னாள். வழக்கம்போல முதலில் மோட்டாரைப் போட்டாள். குழாயில் நாள்பட்டு நிற்கும் பழைய தண்ணீர் அரை மணி நேரம் வெளியே போகவேண்டும், அப்புறம் மண்ணிலிருந்து புதிதாக ஊறிவரும் தண்ணீரைத்தான் மூக்கு முகர வேண்டும். அதுதான் முறை. ஆனால் மோட்டார் ஏர் பிடித்துக்கொண்டது. ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டபடி அவள் நின்றபோது, அந்த வழியாக வந்த முனிரத்தினம் ஆட்டோவை ஓரம் கட்டினான். ஏர் பிடித்தால் குழாயில் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்பது மோட்டார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. வீட்டுக்கு ஓடிப்போய் இரண்டு குடம் கொண்டுவந்து ஊற்றினான். மோட்டார் பிடித்துக்கொண்டது. அவளும் நன்றி சொன்னாள்.

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். மூக்கு அரை மணியைக் கணக்கு வைப்பது சுவிட்ச் போட்ட நேரத்திலிருந்து, தண்ணீர் வந்த நேரத்திலிருந்து அல்ல. மோட்டார் வெறுமனே ஓடியதிலேயே அரை மணி கழிந்துவிட்டது. மூக்கில் முதலில் பட்டது மண்ணின் தண்ணீர் இல்லை. முனிரத்தினம் ஊற்றிய குடத்துத் தண்ணீர்.

“அந்தத் தண்ணி எங்கேர்ந்து கொண்டாந்தான்?” என்று கேட்டார் கன்னியப்பன்.

“வீட்டு டிரம்முலேர்ந்து.”

இருவரும் ஒரே நேரத்தில் அந்த அறையின் மூலையைப் பார்த்தார்கள். நீல நிறத்தில் காலி டிரம்கள் அடுக்கியிருந்தன.

கன்னியப்பன் சின்னக் குரலில் சொன்னார். போன கோடையில் கட்சிக்காரர்கள் சிலர் வந்து காலி டிரம் கேட்டார்களாம். தெருவில் குப்பைத்தொட்டி வைக்கப்போகிறோம் என்றார்களாம். இருந்ததையெல்லாம் கொடுத்து அனுப்பினார். அப்புறம் பார்த்தால் அதன்மேல் தலைவர் படத்தை ஒட்டி, வீட்டுக்கு ஒன்று, தண்ணீர் பிடிக்க இலவசம் என்று வழங்கிவிட்டார்கள்.

“பாத்தேன் மேடம். அன்னிக்கே பாத்தேன். போய்ச் சொன்னா அவங்க பட்டறைய மூடிடுவாங்கன்னு பயந்துட்டேன்.” தலை கவிழ்ந்தது. “கழுவியிருப்பாங்கன்னு நெனச்சிக்கினேன்.”

அவள் அவரைத் திட்டவில்லை. திட்ட வாயெடுத்தவள் அந்தக் கையைப் பார்த்தாள். முதலில் ஆள் பிழைக்கட்டும் என்று எழுந்தாள். கதவின் மேலே ஒரு கம்பி ஜன்னல் இருந்தது. டிரம் ஒன்றின்மேல் ஏறி நின்று முனிரத்தினத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இடி நின்றது.

“நீங்க ஒதுங்கிக்கங்க மேடம். உங்க மேல தெரியாம பட்டுச்சு.”

“நான் சொன்னா நீ நம்ப வேணாம் முனிரத்தினம். போர்டு சொன்னா நம்புவியா?”

அவன் கம்பியைத் தரையில் ஊன்றினான். “போர்டு சொன்னா நம்புவேன்.”

ஆறாம் எண் கிணற்றில் திரும்பவும் எடுக்கிறேன், அதுவரைக்கும் இந்தக் கதவை யாரும் தொடக் கூடாது என்றாள். அவன் கூட்டத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான், வழி விட்டார்கள். தோளிலிருந்து ரத்தம் முழங்கை வரை இறங்கியதை முந்தானையால் அழுத்திக்கொண்டு கிணற்றுக்கு ஓடினாள். மோட்டார் இத்தனை நேரமும் ஓடி, குடத்துத் தண்ணீரெல்லாம் எப்போதோ போய், மண்ணின் தண்ணீர் கலங்கலாக வந்துகொண்டிருந்தது. குழாயில் இருப்பது நாளைக்கு ஒரு தடவைதான் முகரும் என்பதால், பையிலிருந்து கையடக்க மூக்கை எடுத்தாள்; அது சொல்வதும் நேரே போர்டில்தான் ஓடும். கிணற்று எண் ஆறு என்று வைத்தாள். முக்கினாள்.

போர்டில் எழுத்து ஓடியது. ‘ஆறாம் எண் கிணறு. பெயர் இல்லை.’

தூள் வருவதற்கு முன்னாலேயே மண்ணில் இறங்கிய பழைய விஷம் அது, அதற்குச் சொந்தக்காரன் கிடையாது. அவள் திரும்பி வந்தபோது கூட்டத்தின் சுருதி இறங்கியிருந்தது. கையில் இருந்த கல்லை எங்கே போடுவது என்று தெரியாமல் சிலர் நின்றார்கள். ஐயையோ, பெரியவரை இப்படிப் பண்ணிவிட்டோமே என்று ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டாள். கதவைத் தட்டி, வாங்க பெரியவரே, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கூப்பிட்டதும் முனிரத்தினம்தான். கன்னியப்பன் வெளியே வந்தார். தன் துண்டை அவிழ்த்து அவருடைய காதில் கட்டி, இடுப்பில் கைகொடுத்து ஆட்டோவில் ஏற்றினான். அழுதுகொண்டே ஏற்றினான்.

திலகவதி அங்கேயே நின்றிருந்தால் கன்னியப்பன் பிழைத்திருப்பார். ஆனால் எப்படி நிற்பாள்? தெருவில் வீட்டுக்கு வீடு நீல டிரம். அந்த நேரத்திலும் எந்த வீட்டிலாவது ஒரு பிள்ளை டம்ளரை முக்கிக்கொண்டிருக்கும். கிழவர் ஆட்டோவில் ஏறிவிட்டார், இனி பிள்ளைகளைப் பார்ப்போம் என்று முனிரத்தினத்தின் வீட்டுக்கு ஓடினாள்.

டிரம் வாசலுக்குள்ளேயே இருந்தது. தலைவரின் சிரித்த முகம் தண்ணீர் பட்டுப்பட்டு வெளுத்திருந்தது. நிவேதா பாயில் சுருண்டு கிடந்தாள், முகம் ஊதியிருந்தது. முனிரத்தினத்தின் மனைவி குணசுந்தரி, ரத்தமும் சேறுமாக வந்து நிற்பவளைப் பார்த்துப் பயந்து எழுந்தாள். திலகவதி மூச்சிரைக்கச் சொன்னாள். விஷம் மண்ணில் இல்லை, இந்த டிரம்மில், நீங்கள் நல்ல தண்ணீர் என்று பிடித்து வைத்ததில். குணசுந்தரி தலையை ஆட்டினாள். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்துத்தான் தண்ணீர் பிடித்தோம் என்றாள்.

“காட்டுறேன் பாரு,” என்றாள் திலகவதி. கையில் இருந்த மூக்கை டிரம்முக்குள் முக்கினாள்.

எண் ஆறு என்று வைத்தது அப்படியே இருந்தது. டிரம்முக்கு எண் கிடையாது. போர்டுக்குக் கிணறு தெரியும், பெயர் தெரியும், வேறொன்றும் தெரியாது. விரல் நீரைத் தொட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வெடுக்கென்று கையை எடுத்தாள். செல்போன் துடித்தது.

‘ஆறாம் எண் கிணறு. நிக்கல், குரோமியம் அளவுக்கு மேல். கன்னியப்பன் முலாம் பட்டறை.’

தெருமுனையில் ஒரு கூச்சல் எழுந்தது. அது மனிதர்கள் போடும் சத்தமாகவே அவளுக்குக் கேட்கவில்லை.

ஓடினாள். ஆட்டோ கவிழ்ந்து கிடந்தது, சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. காதில் கட்டியிருந்த துண்டு ரோட்டில் கிடந்தது. மேடம் நடுவில் கையை வைத்துப் பெயரை மறைத்துவிட்டாள், போர்டு திரும்ப உண்மையைச் சொல்லிவிட்டது என்று ஒருவன் கத்திக்கொண்டு போனான். டிரம், டிரம் என்று அவள் அலறியது யார் காதிலும் ஏறவில்லை. தலைமயிரைப் பிடித்து ஒரு பெண் பின்னால் இழுத்தாள். அந்தப் பெண்ணின் பையனைப் போன மாதம்தான் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். முகத்தில் குத்து விழுந்து உதடு கிழிந்தது. கீழே விழுந்தவளின் முதுகை மிதித்துக்கொண்டு கால்கள் ஓடின.

அவள் தவழ்ந்து பட்டறை வாசலை அடைந்தபோது எல்லாம் நடந்துகொண்டிருந்தது. உடையாமல் தப்பிய ஒரே தொட்டியின் விளிம்பில் கன்னியப்பனைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார்கள். உன் தண்ணீரை நீயே குடி என்று நான்கைந்து குரல்கள் ஒன்றாகக் கேட்டன. பின்கழுத்தை அழுத்திய கை, முக்கில் போர்டைப் பார்த்ததும் ஆட்டோவை விட்டு இறங்கிய முனிரத்தினத்துடையது. ஒல்லிக் கால்கள் இரண்டும் தரையில் உதைத்தன, வழுக்கின, மறுபடி உதைத்தன. ரொம்ப நேரம் உதைத்தன. நின்ற பிறகும் அவன் கையை எடுக்கவில்லை.

போலீஸ் வண்டி வந்தபோது பட்டறையில் உயிரோடு யாரும் இல்லை. கூட்டம் சந்து சந்தாகக் கலைந்து வீடுகளுக்குள் போய்விட்டது. போர்டில் மட்டும் பெயர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வழியில்லை என்பதை அந்த ஊரில் திலகவதியைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.

அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து முனிரத்தினத்தின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவன் வாசலில் நின்று டிரம்மிலிருந்து தண்ணீரை மொண்டு மொண்டு கை கழுவிக்கொண்டிருந்தான். பச்சை போயிற்று, சிவப்பு போயிற்று. குணசுந்தரி ஒரு பக்கமாக ஒதுங்கி, டிரம்மையும் திலகவதியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்பா, தாகமா இருக்குது,” என்றாள் நிவேதா பாயிலிருந்து.

அவன் டம்ளரை அலம்பி, முக்கி எடுத்தான். திலகவதி பாய்ந்து டிரம்மின்மேல் விழுந்தாள். கவிழ்த்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவள் நினைப்பில் இருந்தது. அடிபட்ட தோளைக் கொடுத்து முட்டினாள். இருந்த பலத்தையெல்லாம் போட்டுத் தள்ளினாள். காலையில்தான் லாரி வந்து போயிருந்தது, மொண்டது போகவும் டிரம்மில் முக்கால்வாசி இருந்தது. அது அசையவில்லை.

“அதுல விஷம் இருக்கு முனிரத்தினம். கொழந்தைக்கிக் குடுக்காத. காலைலேர்ந்து வந்த பேரு இந்த டிரம்மோட பேரு.”

அவனுக்கு இப்போது அவள்மேல் கோபம் இல்லை. கோபமெல்லாம் தொட்டியில் போய்விட்டது. பாவம், அடிபட்டதில் என்னவோ உளறுகிறாள் என்று நினைத்தான் போல. அவள் தோளை மெதுவாகப் பிடித்து டிரம்மிலிருந்து விலக்கி, சுவரோரம் உட்கார வைத்தான். மகளிடம் டம்ளரைக் கொடுத்தான். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இன்னொரு டம்ளரை முக்கித் திலகவதியிடம் நீட்டியபடி, கூட்டத்தில் அன்று அவளுக்கு மாலை போட்ட அதே மரியாதையோடு சொன்னான்:

“போர்டுல அப்பிடி ஒண்ணும் வரலியே மேடம்.”